மரியாதை வேட்டு

டன்பார் துறை
1856 ஜனவரி 12

என் தம்பி லாக்லனுக்கு,

அக்கா யூஃபீமியா எழுதுகிறேன். இங்கே மாடு கன்று முதற்கொண்டு எல்லோரும் சுகமாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம். நீயும் உன் மச்சானும் தலைநகரத்துக் குளிரில் இருமாமல் இருக்கிறீர்களா என்று முதலில் எழுது, மற்றதெல்லாம் பிறகு.

தபால் பனிவண்டிக்காரன் உன் கடிதத்தை நீட்டும்போது, "மெம்பர் அக்காதானே?" என்று கேட்டான். இத்தனை வருஷமாக அவனுக்கு நான் தச்சன் ஹெக்டர் பெண்டாட்டி. போன இலையுதிர் காலத்தில் இடைத்தேர்தலில் நீ ஜெயித்ததிலிருந்து என் பெயர் மாறிவிட்டது. மாறட்டும். நம் அப்பா மரம் வெட்டியே போய்ச் சேர்ந்தார். அவர் பிள்ளை மாகாணச் சட்டசபையில் உட்காரப் போகிறான் என்றால் நான் என்ன தலையைக் குனிந்துகொண்டா நடப்பேன்?

இந்த வருஷம் இங்கே யாருக்கும் குறையில்லை. இங்கிலாந்துக்காரன் ருஷியாவோடு சண்டை போடுகிறான், நம் மரமும் ஓட்ஸும் கேட்ட விலைக்குப் போகிறது. அமெரிக்காக்காரன் வரியில்லாமல் மீன் வாங்குகிறான். டஃப்ட்ஸ் முதலாளியின் கப்பல் பட்டறையில் வைக்க இடமில்லாமல் பாதி கட்டின கப்பல்கள் கரையில் நிற்கின்றன. கோடி வீட்டு மக்ஃபீ குடும்பம் பியானோ வாங்கிவிட்டது. வாசிக்க ஆளில்லை. மேலே முட்டைக் கூடை வைத்திருக்கிறார்கள்.

கவர்னர் பேசி முடித்ததும் அவருக்கு நன்றி சொல்லி முதலில் பேச உன்னைப் பிடித்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். புதிதாக வந்த மெம்பரைத்தான் அதற்கு விடுவார்களாம். அவர் சொன்னதையே வரிக்கு வரி திருப்பிச் சொல்லி, ஆமாம் ஐயா, நன்றி ஐயா என்பதுதான் வேலையாம். அது என்ன பேச்சோ, எனக்குப் புரியவில்லை. ஆனாலும் உரக்கச் சொல். அதோடு நம் ஆற்றுக்குப் பாலம் வேண்டும் என்பதையும் மறக்காதே. அதற்காகத்தான் உனக்கு ஓட்டுப் போட்டார்கள், உன் அழகுக்காக இல்லை.

ஹெக்டர் அடியில் தன் கையால் எழுதியிருந்த வரியைப் படித்துச் சிரித்தேன். குளிர்காலம் முழுக்க அங்கே பட்டறையில் வேலை, அதற்கு மேல் நீ அவரைப் பீரங்கித் தொண்டர் படையில் வேறு சேர்த்துவிட்டாயாமே. 'நீலச் சட்டை நன்றாக இருக்கிறது, உள்ளே இருக்கிற ஆள்தான் பொருத்தமில்லை' என்று எழுதியிருக்கிறார். அவரிடம் சொல், பொருத்தம் இருக்கிறதா இல்லையா என்று நான் பார்த்துச் சொல்கிறேன்.

கையுறையும் பாலாடைக்கட்டியும் அனுப்பியிருக்கிறேன். இரண்டு பேரும் சண்டை போடாமல் பங்கு போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் இருவரையும் ஆண்டவன் கவனித்துக்கொள்ளட்டும்,
எஃபி அக்கா

*

தலைநகர்
1856 பிப்ரவரி 8

அன்பும் மதிப்பும் உள்ள அக்காவுக்கு,

நான் நல்ல உடல்நிலையில் இருக்கிறேன். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? கையுறை சரியான அளவு.

நேற்று சபை திறந்தது. இப்படி ஒரு நாள் இந்த ஊரே பார்த்திருக்காது. வீதி முழுக்கப் பனிவண்டிகள், குதிரைகளுக்கு மணி, சீமாட்டிகளுக்கு ரோமக் கோட்டு. எங்களை மேல்சபைக்கு அழைத்துப் போக வந்த சேவகர் கறுப்புக் கோலால் கதவைத் தட்டியபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. கவர்னர் வெள்ளிச் சரிகை உடுப்பில் அமர்ந்து வாசித்தார். விளைச்சல் பெருகியிருக்கிறது, கஜானா நிரம்பியிருக்கிறது, வெளியே உலகம் போரில் எரியும்போது நம் மாகாணத்தை ஆண்டவன் ஒரு கீறலும் இல்லாமல் காத்திருக்கிறார் என்றார்.

பிறகு எங்கள் சபைக்குத் திரும்பி வந்ததும் நான் எழுந்தேன். குரல் நடுங்கவில்லை. அந்தக் கீறல் இல்லாத வரியையும் நன்றியோடு அப்படியே திருப்பிச் சொன்னேன். எல்லோரும் மேஜையைத் தட்டினார்கள். மேல்சபைத் தலைவர் விட்மோர் துரையே வந்து கைகுலுக்கி, டன்பார் பாலத்தைப் பற்றிப் பேசலாம் என்றார். பாலம் வந்த மாதிரிதான், அக்கா.

மச்சானுக்குக் கவர்னருக்கான மரியாதை வேட்டுச் சுடும் இடத்தில் கையில் சின்னக் காயம். அதனால் இந்த முறை அவர் வரி இல்லை. கவலைப்பட ஒன்றுமில்லை.

எல்லோருக்கும் என் வணக்கம்,
லாக்லன்

*

டன்பார் துறை
1856 பிப்ரவரி 20

லாக்லனுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். முழங்காலும் இருக்கிற இடத்தில் இருக்கிறது. ஹெக்டர் எப்படி இருக்கிறார்? அதை மட்டும் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

சின்னக் காயம் என்கிறாய். எந்தக் கை? எவ்வளவு சின்னது? அவர் ஒருமுறை உளி பட்டு வலது கைப் பெருவிரல் பிளந்துபோனபோது இடது கையால் எழுதினார். கோழி கிளறின மாதிரி இருந்தது, ஆனாலும் எழுதினார். காய்ச்சலில் கிடந்தபோது ஒரு கோடு மட்டும் போட்டு, 'இது நான்' என்று உன்னை எழுத வைத்தார். ஒரு கையில் காயம் என்றால் இன்னொரு கை எங்கே போயிற்று?

தலைநகரத்துப் பத்திரிகை வந்தது. பாதிரியார் வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்துப் படித்தார்கள். நீ பேசினது முழுசாக வந்திருக்கிறது. செழிப்பு, செழிப்பு என்று எத்தனை இடத்தில். மக்ஃபீ பெண்டாட்டி, "நம்ம லாக்லன் எவ்வளவு அழகா நன்றி சொல்லியிருக்கான் பாருங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். 'மரியாதை வேட்டுக்கள் முறைப்படி முழங்கின' என்று ஒரு வரி இருந்தது. யாருக்கும் காயம் என்று ஒரு எழுத்தும் இல்லை.

எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நானும் சிரித்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து உன் கடிதத்தைத் திரும்ப எடுத்துப் படித்தேன். ஒரு பக்கம் முழுக்கச் சரிகை, ரோமக் கோட்டு. என் புருஷனுக்கு ஒன்றரை வரி.

அடுத்த தபாலில் நேராக எழுது.
எஃபி

*

தலைநகர்
1856 மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

தபால் தாமதத்துக்குப் பனிப்புயல்தான் காரணம், நான் இல்லை. இருவரும் உயிரோடும் நம்பிக்கையோடும் இருக்கிறோம். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

நீ பதறக்கூடாது என்றுதான் சுருக்கமாக எழுதினேன். வேட்டுச் சுடும்போது வெடிமருந்து முன்கூட்டியே வெடித்துவிட்டது. மச்சான் அப்போது பீரங்கிக் குழாயின் வாயில் நின்று மருந்தைக் கோலால் திணித்துக்கொண்டிருந்தார். வலது கை மணிக்கட்டோடு போயிற்று. இடது கையில் கட்டைவிரலைக் காப்பாற்றியிருக்கிறார்கள். மருத்துவர் நல்ல மனிதர். மச்சான் ஆஸ்பத்திரியில் சாப்பிடுகிறார், தூங்குகிறார், நர்ஸுகளைக் கேலி செய்கிறார்.

அதிகாரிகள் விசாரித்தார்கள். முந்தின வேட்டுக்குப் பிறகு குழாயின் உள்ளே மிச்சத் தீ அணைய ஈரப்பஞ்சு விட்டுத் துடைக்கவேண்டும், அதை மச்சான் சரியாகச் செய்யவில்லை, கவனக்குறைவு, என்று முடிவு எழுதியிருக்கிறார்கள். அவசரம், குளிர், யாரையும் குறை சொல்ல முடியாது.

நீ கிளம்பி வராதே. வழியெல்லாம் உறைந்து கிடக்கிறது. பாலத்துக்கான மசோதா அடுத்த வாரம் குழுவுக்கு வருகிறது.

தைரியமாக இரு,
லாக்லன்

*

டன்பார் துறை
1856 மார்ச் 11

லாக்லன்,

நலம் விசாரிக்க நேரமில்லை. நாளைத் தபால் வண்டியில் வருகிறேன். இந்தக் கடிதமும் அதே வண்டியில்தான் வருகிறது, எது முதலில் உன் கதவைத் தட்டுகிறது என்று பார்ப்போம்.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு டஃப்ட்ஸ் முதலாளியிடம் ஓடினேன். கை போனாலும் கண் இருக்கிறது, மரத்தைத் தட்டிப் பார்த்தே இது எந்தக் கப்பலுக்கு ஆகும் என்று சொல்லுவார், மேஸ்திரி வேலை கொடுங்கள் என்று கேட்டேன். ஆகட்டும் என்றார். பிறகு உன் கடிதத்தை வாங்கிக் கடைசி வரை படித்தார். படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"எஃபி, கையில்லாதவனுக்கு நான் வேலை குடுப்பேன். கவனமில்லாதவன நம்பி எப்படி நாப்பது பேர நிறுத்தறது? உன் தம்பியே எழுதியிருக்கானே" என்றார்.

உன் கையெழுத்து, லாக்லன். உன் கையெழுத்தைக் காட்டித்தான் என்னை வெளியே அனுப்பினார்.

எஃபி

*

தலைநகர், கிணற்றுத் தெரு
1856 மார்ச் 19

லாக்லனுக்கு,

நீ தங்கியிருக்கும் விடுதிக்கும் என் அறைக்கும் நடுவில் ஒரு தெருதான். உன் முகத்தைப் பார்த்தால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாததால் எழுதுகிறேன். வீட்டுக்கார அம்மாள் கொண்டுவந்து தருவாள். சுகமாக இருக்கிறாய் என்று அவளே சொன்னாள். தினமும் இரண்டு முட்டை சாப்பிடுகிறாயாம்.

ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்தேன். இரண்டு பக்கமும் துணி மூட்டை மாதிரி சுற்றிவைத்திருக்கிறார்கள். என்னைப் பார்த்ததும், "வந்துட்டியா எஃபி. கை குடுக்க முடியல, கோவிச்சுக்காத" என்றார். உன் மச்சான் பேச்சு உனக்குத் தெரியாதா. நான் அழவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டினேன். பாதிக் கஞ்சி போன பிறகு கேட்டேன்.

"நீங்க சரியா துடைக்கலையாமே?"

"யார் சொன்னா?"

"லாக்லன் எழுதியிருந்தான்."

அடுத்த கரண்டியை வாங்கவில்லை. பிறகு சொன்னார்.

"நான் ரெண்டு தடவ துடைச்சேன். மருந்துப் பைய உள்ள விட்டுக் கோலால திணிக்கிறேன். அந்த நேரத்துல பின்னால தீ வைக்கிற துளைய ஒருத்தன் கட்டைவிரலால அழுத்தி மூடியே வச்சிருக்கணும். விரல எடுத்தா உள்ள காத்து ஓடும், ஏதாவது கங்கு கெடந்தா ஊதிக்கும். எப்பவும் அந்த எடத்துல கொல்லன் ஒருத்தன் நிப்பான். அன்னிக்கு அவன நகரச் சொல்லிட்டு கேப்டன் விட்மோரே நின்னாரு. சீமாட்டிங்க பாத்துட்டிருந்தாங்கல்ல. கவர்னரோட வண்டி மூலை திரும்பிச்சு. இவரு விறைப்பா நின்னு கையத் தூக்கி சல்யூட் அடிச்சாரு. அதே கை, எஃபி. மூடிட்டிருந்த அதே கை."

அப்படியும் நிறுத்தவில்லையாம். இவரைப் பனியில் கிடத்திவிட்டு மிச்ச வேட்டையெல்லாம் பக்கத்துப் பீரங்கியில் சுட்டு முடித்தார்களாம். எண்ணிக்கை குறைந்தால் கவர்னருக்கு மரியாதைக் குறைவாம்.

"லாக்லனுக்கு இது தெரியுமா?" என்று கேட்டேன்.

"அவன் சபைப் படியிலதான் நின்னுட்டிருந்தான். அவன் என்னப் பாத்தான், நான் அவனப் பாத்தேன். அப்புறம் உள்ள மணி அடிச்சுது. மெம்பரு, நேரத்துக்குப் போவணும்ல" என்றார்.

அவர் கோபமில்லாமல்தான் சொன்னார். அவருடைய பங்குக் கோபத்தையும் சேர்த்து நான் வைத்திருக்கிறேன்.

நீ பார்த்தாயா இல்லையா? ஒரே ஒரு வார்த்தை எழுது.

எஃபி

*

தலைநகர்
1856 மார்ச் 20

அன்புள்ள அக்கா,

நீ நல்லபடியாக வந்து சேர்ந்ததில் நிம்மதி. அந்த அறையில் கணப்பு சரியாக எரிகிறதா? விறகு அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

பார்த்தேன். அதை நான் மறைக்கவில்லை. எழுதவில்லை, அவ்வளவுதான்.

விசாரணையில் என்னை யாரும் கூப்பிடவில்லை. விசாரித்தவர்கள் மூன்று பேரும் கேப்டனோடு ஒரே மேஜையில் சாப்பிடுகிறவர்கள். அந்தக் கொல்லன் ஊரை விட்டே போய்விட்டான். கேப்டன் விட்மோர் யார் பிள்ளை என்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை. அவர் அப்பா தலையசைக்காமல் மேல்சபையில் ஒரு மசோதாவும் நிறைவேறாது. நம் ஊர்க்காரர்கள் எத்தனை பேர் அந்த ஆற்றைப் பனி இளகும்போது கடக்கப் போய்த் திரும்பி வரவில்லை என்று நீயே எனக்குச் சொல்லியிருக்கிறாய். நான் ஒரு வார்த்தை சொன்னால் மச்சானுக்குக் கை முளைக்காது, பாலம் மட்டும் போய்விடும்.

கவனக்குறைவு என்று எழுதியிருப்பதால் படையிலிருந்து ஓய்வூதியம் கிடையாது. ஆனால் கருணைத் தொகை என்று ஒன்று வாங்கித் தர என்னால் முடியும். யாரையும் புண்படுத்தாமல், சத்தமில்லாமல். பொறுமையாக இரு.

உன் நன்மையே நினைக்கும்,
லாக்லன்

*

கிணற்றுத் தெரு
1856 மார்ச் 22

லாக்லனுக்கு,

விறகு வந்தது. திருப்பி அனுப்பிவிட்டேன். குளிரவில்லை எனக்கு, எரிகிறது.

யாரையும் புண்படுத்தாமல் என்கிறாய். புண்பட்டவர் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். இனிமேல் யாரைப் புண்படுத்தக்கூடாது என்று பார்க்கிறாய்? ஒரு கீறலும் இல்லாமல் ஆண்டவன் காத்தார் என்று கவர்னர் வாசித்தபோது அவருக்குத் தெரியாது, போகட்டும். நீ திருப்பிச் சொன்னபோது உனக்குத் தெரியும். உன் மச்சான் ரத்தம் பனியில் காயக்கூட இல்லை. நீ அதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போயிருக்கவேண்டும். குரல் நடுங்கவில்லை என்று எனக்கே பெருமையாக எழுதினாய். நானும் முட்டாள் மாதிரி ஊரெல்லாம் பெருமைப்பட்டேன்.

பாலத்தைப் பேசாதே. ஆற்றில் போனவர்களை எனக்கு உன்னை விட நன்றாகத் தெரியும், இரண்டு பேரைக் குளிப்பாட்டி அடக்கம் செய்தது நான். அவர்கள் பெயரைச் சொல்லி விட்மோர் வீட்டுப் பிள்ளையை மூடி வைக்காதே.

கருணைத் தொகை யாருக்கு வேண்டும்? நான் கேட்பது ஒன்றே ஒன்று. கவனமில்லாதவர் என் புருஷன் இல்லை, துளையை விட்டுக் கையை எடுத்தது கேப்டன் என்று சபையில் சொல்லு. அது பத்திரிகையில் வரட்டும், டஃப்ட்ஸ் படிக்கட்டும். ஹெக்டர் இனிப் பேனா பிடிக்க மாட்டார், உளி பிடிக்க மாட்டார், ஆனால் நாற்பது பேர் நடுவில் தலை நிமிர்ந்து நிற்பார். அதைத்தான் உங்கள் காகிதம் பிடுங்கிக்கொண்டது.

சபைக்கு யார் வேண்டுமானாலும் மனுக் கொடுக்கலாமாம், பெண்பிள்ளைகூட. விசாரித்துவிட்டேன். ஆனால் அந்தந்த ஊர் மெம்பர்தான் எழுந்து அதை வாசிக்கவேண்டுமாம். நம் ஊர் மெம்பர் நீ. இதோடு மனு இருக்கிறது. எழுதிக் கொடுத்த குமாஸ்தா, 'தாழ்ந்து பணிந்து வேண்டுகிறேன்' என்று போடாவிட்டால் வாங்கவே மாட்டார்கள் என்றான். போடச் சொன்னேன். என் வாழ்நாளில் முதல் தடவை பணிந்திருக்கிறேன், அதையாவது வீணாக்காதே.

கேப்டன் பெயரை அடித்துவிட்டு வாசித்தால் எனக்குத் தெரியாமல் போகாது. வேடிக்கை பார்க்கிறவர்கள் மாடியில் உட்கார்ந்து கேட்பேன்.

எஃபி

*

தலைநகர்
1856 மார்ச் 29

அக்காவுக்கு,

மச்சானுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது என்று மருத்துவர் சொன்னார், சந்தோஷம்.

மனுவில் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. வியாழக்கிழமை எடுத்துக்கொள்கிறேன். நீ மாடிக்கு வரவேண்டாம். கூட்டம் நெரியும், உனக்குப் படி ஏற முடியாது.

லாக்லன்

*

கிணற்றுத் தெரு
1856 ஏப்ரல் 4

லாக்லனுக்கு,

நாளை அவரைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போகிறேன். அவர் நன்றாக இருக்கிறார், நானும் நன்றாக இருக்கிறேன். உன்னைப் பற்றி விசாரிக்கவில்லை, நேற்று பார்த்துவிட்டேன்.

கீழே உட்கார்ந்திருந்த உனக்கு மேலிருந்து எப்படித் தெரிந்தது என்று தெரியாது. அதனால் சொல்கிறேன்.

படி ஏற முடியாது என்றாய், ஏறினோம். உன் மச்சான் நீலச் சட்டையைப் போட்டுவிடச் சொன்னார். நான்தான் பொத்தான் போட்டேன். முன்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்து அவருக்கு இடம் கொடுத்தார். பக்கத்தில் பத்திரிகைக்காரர்கள் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார்கள். யாரோ ஆடு மேய்ப்பதைப் பற்றி வெகுநேரம் பேசினார். பிறகு நீ எழுந்தாய். கையில் என் மனு. அந்த மடிப்பைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது.

நான் அவர் தோளைத் தொட்டு, "நம்மளது, நம்மளது" என்றேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இத்தனை நாள் கோபமும் அந்த ஒரு நொடியில் என்னை விட்டுப் போயிற்று, லாக்லன். இவன் என் தம்பி, என்ன இருந்தாலும் எழுந்துவிட்டான் என்று நினைத்தேன். அப்படி நம்பினதைத்தான் இப்போது என்னால் பொறுக்க முடியவில்லை.

நீ தலையைத் தூக்கி மாடியைப் பார்த்தாய். என்னைப் பார்த்தாய். பார்த்துக்கொண்டே சபாநாயகரிடம் சொன்னாய்: "ஐயா, சபையில் அந்நியர் இருப்பதைக் காண்கிறேன்."

எனக்கு முதலில் புரியவில்லை. பத்திரிகைக்காரர்கள் எழுந்து நோட்டுப் புத்தகத்தை மூடினார்கள். பக்கத்திலிருந்தவரிடம், "என்னங்க ஆச்சு?" என்றேன். "ஒரு மெம்பர் அப்படிச் சொல்லிட்டா வேடிக்கை பாக்க வந்தவங்க எல்லாரும் வெளிய போவணும்மா. அப்புறம் உள்ள பேசறது எதுவும் அச்சுல வராது" என்றார்.

வாயிற்காப்போன் வந்து எல்லோரையும் கிளப்பினான். படியில் பனி ஈரம். "கம்பியக் கெட்டியாப் புடிச்சு எறங்குங்க ஐயா" என்றான் உன் மச்சானிடம்.

"எதாலப்பா?" என்றார் இவர்.

அவனுக்கு முகம் வெளுத்துவிட்டது. இவர்தான் அவனைச் சமாதானம் செய்துகொண்டே இறங்கினார். கீழே வந்து கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. நாங்கள் பனியில் நின்றோம். அவர்தான், "மனுவக் கையில எடுத்துட்டான் எஃபி, அது வரைக்கும் நல்லதுதான்" என்றார். அவருக்கு யாரையும் வெறுக்கத் தெரியாது. அந்த வேலையும் எனக்குத்தான்.

யூஃபீமியா

*

தலைநகர்
1856 ஏப்ரல் 23

என் அருமை அக்காவுக்கு,

பிரயாணம் சுகமாக இருந்ததா? மச்சான் தேறிவருகிறாரா? உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லாததால் நானே எழுதுகிறேன்.

நான் சொன்னேன், அக்கா. கதவு சாத்திய பிறகு மனு முழுவதையும் வாசித்தேன். கேப்டன் பெயரையும் வாசித்தேன். படியில் நின்று நானே பார்த்தேன் என்றும் சொன்னேன். அங்கே இருந்த அத்தனை மெம்பர்களும் கேட்டார்கள். பத்திரிகைக்காரர்கள் இருந்திருந்தால் விட்மோர் துரையின் ஆட்கள் என்னைப் பேசவே விட்டிருக்க மாட்டார்கள். முந்தின நாளே என்னை அழைத்துச் சொல்லிவிட்டார்கள், கதவைச் சாத்திவிட்டு என்ன வேண்டுமானாலும் பேசு என்று. எனக்குக் கிடைத்த வழி அது ஒன்றுதான். நீ என்னை நம்பவேண்டும்.

விசாரணை முடிவை மாற்ற முடியாதாம். சாத்திய கதவுக்குள் பேசினது பதிவில் ஏறாது. ஆனால் கருணைத் தொகை எதிர்ப்பில்லாமல் நிறைவேறிற்று. அன்று மாலையே பால மசோதாவும் மேல்சபையில் நிறைவேறிற்று.

பதவிக்காலம் முடிகிறதால் சபையைக் கலைத்துவிட்டார்கள். ஜூன் மாதம் பொதுத் தேர்தல். பாலத்தைக் காட்டி ஓட்டுக் கேட்கலாம். ஒரே ஒரு உதவி கேட்கிறேன். ஊரில் நம் குடும்பத்தில் மனஸ்தாபம் என்று பேச்சு கிளம்பியிருக்கிறதாம். ஓட்டு நாளன்று மச்சான் முதல் ஆளாக மேடையேறி என் பெயரைச் சொன்னால் எல்லா வாயும் அடைந்துபோகும்.

என்றும் உன் தம்பி,
லாக்லன்

*

டன்பார் துறை
1856 மே 9

லாக்லனுக்கு,

இங்கே பனி இளகிவிட்டது, எல்லோரும் சுகம். நீ சுகமாக வந்து சேர்.

உன் மச்சான் கருணைத் தொகையை வாங்கிக்கொண்டார். நான் வேண்டாம் என்றேன். "உன் கோவத்த அடுப்புல போட்டா கஞ்சி வேகுமா?" என்று கேட்டார். வாங்கிக்கொண்டோம். அதற்காக நான் நன்றி எழுதப் போவதில்லை. நன்றி எழுதுகிற வேலை நம் குடும்பத்தில் உன்னுடையது.

சாத்திய கதவுக்குள் சொன்னேன் என்கிறாய். சொல்லியிருக்கலாம். உன்னை நம்புகிறேனா இல்லையா என்று கேட்காதே, எனக்கே தெரியவில்லை. ஒன்று மட்டும் தெரியும். நீ சொன்னதைக் கேட்டவர்கள் எல்லோரும் முன்பே தெரிந்தவர்கள். கேட்க வேண்டியவர்களை வெளியே அனுப்பிவிட்டுத்தான் நீ வாயைத் திறந்தாய். டஃப்ட்ஸ் முதலாளி பட்டறைக்கு இவர் போன வாரம் போனார். மரங்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், ஒன்றில் உள்ளே அழுகல் இருக்கிறது என்று காலால் தட்டிக் காட்டினார். வெட்டிப் பார்த்தார்கள், இருந்தது. டஃப்ட்ஸ் நன்றி சொல்லிக் காப்பி கொடுத்தார். வேலை கொடுக்கவில்லை.

மேடை விஷயம் கேட்டிருந்தாய். இவரிடம் சொன்னேன். வருகிறேன் என்றார். முதல் ஆளாகவே வருகிறாராம்.

உனக்குத் தெரியாததில்லை, ஆனாலும் எழுதுகிறேன். தேர்தல் நடத்துகிற ஷெரீப் மேடை போடுவது டஃப்ட்ஸ் பட்டறைக்கு முன்னால் இருக்கிற புல்வெளியில். வேட்பாளர்கள் மேலே நிற்கவேண்டும். ஓட்டுப் போடுகிறவன் ஏறிவந்து ஊரே கேட்கப் பெயரைச் சொல்லவேண்டும். சொல்லுவதற்கு முன்னால் வேட்பாளரைக் கேள்வி கேட்கலாம், அது பழைய உரிமை. ஹெக்டர் ஒரு கேள்வி கேட்பார். துளையை மூடியிருந்த கையை எடுத்தது யார்?

டஃப்ட்ஸ் கீழே இருப்பார். நாற்பது பேரும் இருப்பார்கள். எனக்கு ஓட்டுக் கிடையாது, ஆனால் வேலிப் பக்கம் நிற்க யாரும் தடுக்க முடியாது. புல்வெளிக்குக் கதவு இல்லை. அங்கே நிற்பவர்களில் பாதிப் பேர் உன்னைத் தோளில் தூக்கித் திரிந்தவர்கள், அந்நியர் என்று சொல்லி ஒருவரையும் வெளியே அனுப்ப முடியாது.

பதில் சொன்னால் அவர் உன் பெயரைச் சொல்வார். சொல்லாவிட்டால் அடுத்து நிற்பவன் பெயரைச் சொல்வார். நான் அவரை இப்படிச் சொல்லுங்கள், அப்படிச் சொல்லுங்கள் என்று கேட்கவில்லை, அதை அவரே முடிவு செய்துவிட்டார். இப்போது நிலைவாசலில் உட்கார்ந்து உரக்கப் பேசிப் பழகிக்கொண்டிருக்கிறார். ஓட்டுப் போட வாய் போதும், லாக்லன்.

யூஃபீமியா